கணக்கில் பிழையில்லை, ஆனாலும் நஷ்டம்: தொழில் முடிவுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிலில் பணத்தை விட்டவர்கள் பலருக்கும் கணக்கு நன்றாகவே வரும். கூட்டல் கழித்தலில் ஒரு பைசா பிசகாது. அந்தக் கணக்கு எதை நம்பிப் போடப்பட்டது என்பதைத்தான் அவர்கள் தட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெருந்துறைப் பக்கம் கொடிகட்டிப் பறந்த ஈமு கோழி வளர்ப்பை எடுத்துக்கொள்வோம். லட்சக்கணக்கில் முன்பணம் கட்டினால் குஞ்சுகள், மாதாமாதம் பராமரிப்புப் பணம், ஆண்டுக்கொரு போனஸ். முட்டையையும் குஞ்சையும் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொள்ளும். பேப்பரும் பேனாவுமாக யார் உட்கார்ந்து கூட்டினாலும் லாபம்தான் வரும். சரி, கம்பெனி அதை யாரிடம் விற்கும்? இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் ஏகக் கிராக்கி என்றார்கள். உங்கள் ஊர்க் கறிக்கடையில் ஈமு தொங்கியதா? குஞ்சை வாங்கியவர் அடுத்துப் பணம் கட்டி உள்ளே வந்தவர். புது ஆளின் முன்பணம்தான் பழைய ஆளுக்கு மாதப் பணமாகப் போனது. புது ஆள் வரத்து குறைந்ததும், 2012-இல் எல்லாம் சரிந்து வழக்காகிவிட்டது. கடைசியாகக் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்துபவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஆளை நேரில் காட்ட முடியவில்லை என்றால் எக்செல் ஷீட்டைத் திறக்கவே வேண்டாம்.

கேள்வியையே தப்பாகக் கேட்பது இன்னொரு வகை. 1985-இல் கோகோ கோலா தன் பானத்தின் சுவையை மாற்றியது. அதற்கு முன் சுமார் 2 லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லிக் கேட்டார்கள். பெரும்பாலோருக்குப் புதுச் சுவைதான் பிடித்திருந்தது. "பழையது இனிமேல் கிடைக்காது, பரவாயில்லையா?" என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கான பதில் ஏப்ரலில் அறிமுகமான பிறகு கோபமான போன் அழைப்புகளாக வந்தது. ஜூலையிலேயே பழைய கோலா கடைக்குத் திரும்பியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அப்படி. நாம் சித்தப்பாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் முறுக்கு சாம்பிள் கொடுத்து "எப்படி இருக்கு?" என்கிறோம். "சூப்பர்ப்பா" என்றுதான் சொல்வார்கள். "தீபாவளிக்கு எத்தனை கிலோ எழுதிக்கட்டும், அட்வான்ஸ் இப்பவே தர்றீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

"அவர் பிரியாணிக் கடை போட்டுக் கார் வாங்கிவிட்டார்" என்பதும் ஆதாரம் ஆகாது. மூடிய கடைக்காரர் யாரும் யூடியூபில் பேட்டி கொடுப்பதில்லை. அவரைத் தேடிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசினால் அதிகம் கிடைக்கும்.

தள்ளுபடி விஷயத்தில் ஏமாறாத வியாபாரி குறைவு. 80 ரூபாய் அடக்கம், 100 ரூபாய் விலை. லாபம் 20. "பத்து சதவீதம்தானே, குறைத்தால் சேல்ஸ் ஏறும்" என்று 90-க்கு விற்கிறார். விலை குறைந்தது பத்து சதவீதம். லாபம் 20-இலிருந்து 10, அதாவது பாதி. பழைய லாபத்தைத் தொடவே இரண்டு மடங்கு சரக்கு நகர வேண்டும். அதற்கு இன்னொரு பையன், கூடுதல் ஸ்டாக், கூடுதல் வட்டி. விற்பனை ஒன்றரை மடங்கானாலும் கடையில் கூட்டம் அலைமோதும், கல்லாவில் பழையதைவிடக் குறைவாகத்தான் மிஞ்சும். ஒரு விஷயம்: அடக்கத்தின் மேல் 25 சதவீதம் வைத்தவர் "எனக்கு 25 பர்சென்ட் மார்ஜின்" என்பார். விற்பனை விலையில் பார்த்தால் அது 20தான். தள்ளுபடி போகிற இடம் விற்பனை விலை.

போட்ட பணத்துக்காக மேலும் போடுவது பழைய வியாதி. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானத்தில் பிரிட்டிஷ், பிரெஞ்சு அரசுகள் இதைத்தான் செய்தன. கடைசியில் அதைப் பயணிகள் சேவைக்கு வைத்திருந்தவை அந்த இரு நாட்டு விமான நிறுவனங்கள் மட்டுமே. இன்டீரியருக்கு ஐந்து லட்சம் ஆகிவிட்டது என்பதற்காக ஓடாத கடைக்கு மாத வாடகை கட்டுபவரும் அதே ரகம். அந்த ஐந்து லட்சம் கடையை மூடினாலும் வராது, நடத்தினாலும் வராது. இனி வரப்போவதும் போகப்போவதும் மட்டும்தான் கணக்கில் சேரும்.

லாபமும் கையிருப்பும் ஒன்று என்று நினைப்பது, நன்றாக ஓடும் யூனிட்டையே கவிழ்த்துவிடும். திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுப்பவர் சனிக்கிழமை தோறும் கூலி கொடுத்தாக வேண்டும். பில் பணம் வர மூன்று மாதம் ஆகும். ஆர்டர் இரட்டித்தால் கூலியும் இரட்டிக்கிறது, வரவு அதே மூன்று மாதம் தள்ளித்தான். பெரிய ஆர்டர் வந்த சந்தோஷத்தில் கந்துவட்டிக்குப் போவது இப்படித்தான். உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு, 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் (Bank Rate) போல மூன்று மடங்கில் கூட்டு வட்டி. உற்பத்தியும் சேவையும் செய்பவர்களுக்குத்தான் இது, வாங்கி விற்பவர்களுக்கு இல்லை. வட்டி கேட்டுச் சண்டைக்குப் போனால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் நியாயமானதே. அதனால் ஆர்டர் எடுக்கும்போதே தவணை நாளை எழுதி வாங்கிக்கொண்டு, பில்லில் உத்யம் எண்ணையும் அச்சடித்துவிடுங்கள்.