ஆள் குறைந்த டீமில் முதல் மாதம்: செய்யக்கூடாதவை

ஐந்து பேர் டீம் மூன்று பேராகச் சுருங்கும்போது, மிஞ்சியவர்களில் புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த நான்கு இடங்களில்தான். நேரத்துக்குத் தூங்கு, நட என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடலாம்.

வாய் திறக்காமல் தாங்கிக்கொள்வது

பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருவது இதில்தான். போனவரின் வேலையும் தலையில் விழும். "பார்த்துக்கிறேன் சார்" என்று வாங்கிக்கொள்வார்கள். இரண்டு வாரம் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து ஓட்டுவார்கள். மூன்றாவது வாரம், கெடுவுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணிக்கு, "முடியல சார்." அந்நேரத்தில் மேலாளர் கையில் ஆளும் இல்லை, நாளும் இல்லை. அதைவிட மோசம், அந்த இரண்டு வாரமும் ஒருவரே இரண்டு பேர் வேலையைச் செய்கிறார் என்றுதான் மேலே பதிவாகியிருக்கும். காலியிடத்துக்கு ஆள் கேட்க மேலாளரிடம் காரணமே இருக்காது.

முதலில் கணக்குப் போடுங்கள். ஐந்து நாள், நாளுக்கு 8 மணி: 40. மீட்டிங்குக்கு 7, மெயிலுக்கும் திடீர் வேலைக்கும் 6 போனால் மிச்சம் 27. கையிலிருக்கும் வேலைகளுக்கு நேரம் எழுதிக் கூட்டினால் 38 வருகிறதா? 11 மணி நேர வேலைக்கு இடமில்லை. திங்கள் மதியத்துக்குள் அதை எழுதி அனுப்புங்கள்:

"இந்த வாரம் ஆடிட் ஃபைலும் வென்டார் பில்லும் முடியும். மாத ரிப்போர்ட் அடுத்த புதன்தான். ரிப்போர்ட் அவசரம் என்றால் வென்டார் பில் தள்ளிப்போகும். எதை முதலில் எடுக்கட்டும்?"

"ரொம்ப லோடு சார்" என்று மட்டும் சொன்னால், "எல்லாருக்கும்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "எல்லாமே அவசரம்" என்று பதில் வந்தால், உங்கள் வரிசையை எழுதி, "இப்படித் தொடங்குகிறேன்" என்று அனுப்பிவிட்டு வேலையைப் பாருங்கள்.

வேலையை வாய்ப்பேச்சில் ஒப்புக்கொள்வது

பாக்கி என்ன, எதற்கு யாரைக் கூப்பிட வேண்டும், எந்தத் தேதி தவறக்கூடாது: மூன்றையும் டீமை விட்டுப் போகிறவரிடம் எழுதி வாங்குங்கள். போகிறவர் செய்து காட்டினால் போதாது. நீங்கள் ஒருமுறை செய்ய, அவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

மாலை 5 மணிக் காபி

வேண்டாம். அதில் பாதி காஃபீன் ராத்திரி பத்து மணிக்கும் உடம்பில் இருக்கும்.

களைப்பைச் சோம்பல் என்று திட்டிக்கொள்வது

ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, வேலைமேல் கசப்பு, எதுவும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். தீராத வேலை அழுத்தத்தால் வரும் பர்ன்அவுட்டை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் விவரித்தபோது சொன்ன மூன்றும் இவைதான். வாரக்கணக்கில் நீடித்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.