மறைந்திருக்கும் வைரஸ்: கணக்கில் தவறும் இடங்கள்

ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்று அறிக்கை வந்ததும் எச்ஐவி மருந்தை நிறுத்திவிடுவதுதான் தவறுகளில் மிக ஆபத்தானது. பரிசோதனை அளப்பது பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், மிதக்கும் வைரஸ் துகள்களை மட்டுமே. வைரஸோ, ஓய்வில் இருக்கும் நினைவு சிடி4 டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களின் டிஎன்ஏவுக்குள் தன் மரபுக்குறிப்பைக் கோத்துவிட்டு, புரதம் ஏறக்குறைய எதையும் உருவாக்காமல் கிடக்கிறது. புரதம் வெளிப்படாத செல்லை நோய் எதிர்ப்பு அமைப்பு சந்தேகிப்பதில்லை. கூட்டு மருந்துகள் புதிய செல்களுக்கு வைரஸ் பரவுவதைத்தான் தடுக்கின்றன. கோத்ததைப் பிரித்தெடுக்க அவற்றால் முடியாது. மருந்தை விட்டால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்புகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் 2010-இல் பிறந்த ஒரு குழந்தைக்கு, மருந்தின்றி 27 மாதங்கள் கழிந்த பின்பும் அது திரும்பியது. மறுபக்கத் தவறும் உண்டு: மருந்தைத் தவறாமல் எடுத்து வைரஸ் தெரியாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவும் என்று அஞ்சுவது. அப்படிப் பரவாது.

"பொறுத்திருந்தால் அந்தச் செல்கள் தாமாகவே அழிந்துவிடாதா?" நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கு நமக்குச் சாதகமாக இல்லை. அந்தச் செல்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையச் சராசரியாக 44 மாதங்கள் ஆகும். பத்து லட்சம் செல்கள் இருந்தால், தீர்ந்துபோக எழுபது ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். பழைய கிருமியை நினைவில் வைத்துப் பல்லாண்டு வாழ்வதே இந்தச் செல்களின் வேலை. அந்த ஆயுளில்தான் வைரஸ் ஒண்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு அவை பிரிந்து பெருகவும் செய்கின்றன. அப்போது வைரஸின் பிரதியைச் செல்லே எடுத்துக் கொடுத்துவிடுகிறது. வைரஸ் எதுவும் செய்யாதபோது மருந்து எதைத் தடுக்கும்?

உறங்கும் வைரஸை மருந்தால் எழுப்பிவிட்டால், அது ஒளிந்திருக்கும் செல் செத்துவிடும் என்பதும் அவசர முடிவு. வோரினோஸ்டாட் போன்ற மருந்துகள் வைரஸை ஓரளவு எழுப்பின. ஒளிந்திருக்கும் செல்களின் எண்ணிக்கை குறையவில்லை. செல்களில் கண்ட வைரஸ் டிஎன்ஏ அத்தனையும் ஆபத்து என்று எண்ணுவதும் பிழைதான். அதில் பெரும்பகுதி சிதைந்தது. அதனால் முழு வைரஸை உருவாக்க முடியாது.

எல்லா வைரஸும் இப்படித்தான் ஒளிகின்றன என்று எழுதிவிடுவது சோம்பல். எப்ஸ்டீன்-பார் வைரஸ் நினைவு பி செல்கள் என்ற வேறு வகை நோய் எதிர்ப்புச் செல்களில் இருக்கிறது. பொதுவாக மனித டிஎன்ஏவில் கோத்துக்கொள்வதில்லை. தனி வளையமாக இருந்து, ஒரு புரதத்தின் உதவியால் குரோமோசோமைப் பற்றிக்கொண்டு, செல் பிரியும்போது கூடவே போகிறது. சைட்டோமெகலோ வைரஸின் இடம் ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையின் முன்னோடிச் செல்களும், மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களும். உதட்டில் கொப்புளம் தரும் ஹெர்பெஸ் ஒளிவதோ நரம்புச் செல்களில். ரத்த, நோய் எதிர்ப்புச் செல்களில் ஒளியும் இந்த வைரஸ்களின் பட்டியலில் அதைச் சேர்ப்பது தவறு.

ரத்தப் பரிசோதனையில் எப்ஸ்டீன்-பார் ஐஜிஜி (வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ் என்று பார்த்துப் பதறுபவர்களும் உண்டு. வயது வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்படித்தான் வரும். எப்போதோ தொற்றியது என்பதைத் தவிர, வைரஸ் இப்போது பெருகுகிறதா என்பதை அது சொல்லாது.