பனியில் நடந்த சப்பாத்தும் கொழும்புப் பூஞ்சணமும்

பெப்ரவரியில் ரொறன்ரோவுக்குப் போனபோது அக்கா என்னை ஹை பார்க் என்ற பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்குள்ள கிரெனடியர் குளம் உறைந்து கிடந்தது. பின்னேரம் முழுக்க நடந்தோம், திரும்பி வரவே மனமில்லை.

அங்கே நடைபாதைகளில் பனி உருக உப்புக் கொட்டுவார்கள். உருகிய தண்ணீரோடு அது சப்பாத்துத் தோலுக்குள் ஊறி, காய்ந்ததும் ஓரத்தில் வெள்ளைக் கோடாகக் கிளம்பும். கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்த பிறகுதான் கரைச்சல் தொடங்கியது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கடற்கரைப் பக்கத்து வீட்டு அலுமாரிக்குள் கேட்கவா வேண்டும்! தையல் ஓரமெல்லாம் சாம்பல் நிறப் பூஞ்சணம்.

கடையில் பொலிஷ் போடச் சொன்னார்கள். உப்பு உள்ளே இருக்கும்வரை பொலிஷால் பயனில்லை, கோடு திரும்பவும் வரும்.

மொட்டைமாடியில் வைத்து, பழைய பல் பிரஷால் பூஞ்சணத்தைத் தட்டி எடுத்தேன் (வீட்டுக்குள் தட்டினால் அது எங்கும் பரவும்). வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து, துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, சப்பாத்து முழுக்கத் துடைத்தேன். கோட்டை மட்டும் துடைத்தால் ஈரம் நின்ற இடத்தில் புதுக் கறை விழும். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் ஒருமுறை. உள்ளே கடதாசி அடைத்து, நிழலில் ஃபேன் காற்றில் காயவிட்டேன். வெயில் தோலை வெடிக்கவைத்துவிடும். கடதாசி ஈரமாக ஈரமாக மாற்ற வேண்டும், இதில் சோம்பல் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே தோல் கிரீம் பூசினேன்.

இப்போது அதை அலுமாரியில் பூட்டுவதில்லை, காற்றுப்படும் தட்டில் வைத்திருக்கிறேன். கோடும் இல்லை, பூஞ்சண மணமும் இல்லை. அடுத்த குளிர்காலத்துக்கு அக்காவிடம் இதே சப்பாத்தோடுதான் போகப்போகிறேன்.