எதிர்ப்புச் சக்தி என்ற பெயரில் நாம் செய்யும் தவறுகள்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் நாட்டு மருந்துக் கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடும். நிலவேம்புப் பொடி, கபசுரப் பொடி, அதிமதுரம், சீந்தில் சூரணம் எல்லாம் பை நிறைய வீட்டுக்குப் போகும். அடுத்த கடையான மெடிக்கலில் சிங்க் மாத்திரையும் சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரையும் வாங்குவார்கள். இவ்வளவும் வாங்கிப் போகிறவர் தூங்கும்போது இரவு மணி ஒன்று. காலையில் நாலு இட்லி, ஒரு காபி. ரத்தத்தில் சர்க்கரை பார்த்து எட்டு மாதம் ஆகியிருக்கும். மாதம் தவறாமல் சளி பிடிக்கிறதே, ஏன் என்று அவர் கேட்டால், பதில் பெரும்பாலும் பைக்குள் இல்லை. அந்தத் தூக்கத்திலும் இட்லித் தட்டிலும் சர்க்கரையிலும் இருக்கிறது.

முதலில் ஒரு எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். எதிர்ப்புச் சக்தி என்பது வண்டிக்கு பெட்ரோல் போல நிரப்ப நிரப்ப நல்லது என்ற வகை அல்ல. கிருமி வந்தால் எழுந்து சண்டை போட வேண்டும், வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். அடங்காமல் சொந்த உடம்பையே தாக்கினால் அதற்குப் பெயர் முடக்குவாதம், லூபஸ். தூசியைக் கண்டு மிரண்டால் அது ஆஸ்துமா, ஒவ்வாமை. அதனால் சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், மூட்டுவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் ‘இம்யூனிட்டி’ என்று எழுதியிருக்கும் எந்தப் பொடியையும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களும் கூட்டிக்கொண்டே போவதை விட்டுவிட்டு எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பதுதான் பலன் தரும்.

பெரிய ஓட்டை: புரதம்

கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் புரதத்தால் ஆனவை. வெள்ளணுக்கள் பெருகவும் புரதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் தேவை. சாதமும் இட்லியுமே பிரதானம் என்றால் அந்தப் புரதத்தின் தரம் குறைவு என்பதால், கிலோவுக்கு 1 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 50 முதல் 60 கிராம்.

நம் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் நாலு இட்லியில் சுமார் 8 கிராம். மதியம் 150 கிராம் அரிசிச் சோற்றில் 11. தண்ணீராக ஓடும் சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் பருப்பு 15 கிராம்கூட இருக்காது, அதில் 3. பொரியலும் மோரும் சேர்ந்து 4. இரவு மூன்று தோசையில் 8. இரண்டு காபிப் பாலில் 5. மொத்தம் 39. வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் பத்திலிருந்து இருபது கிராம் வரை குறைகிறது. தினமும் இப்படித்தான் குறைகிறது.

இதை அடைக்கப் பவுடர் டப்பா தேவையில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம் வந்துவிடும். 40 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 8. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அதாவது 30 கிராம், 7. நூறு கிராம் மத்தி மீன் 18க்குக் குறையாது. சாம்பாரை அப்படியே வைத்துக்கொண்டு, மதியம் முதல் பிடி சோற்றுக்கு ஆளுக்கு 30 கிராம் பருப்பைக் கெட்டியாகக் கடைந்து நெய்யோடு போட்டால் அதிலேயே 7 கிராம் ஏறும். வீட்டில் மிகவும் கவனிக்க வேண்டியவர்கள் வயதானவர்கள். ‘ராத்திரிக்குக் கஞ்சி போதும்’ என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் சாப்பாட்டிலிருந்து பருப்பும் பாலும் காணாமல் போய்விடும். பிறகு ஒரு சாதாரண இருமல் நெஞ்சுச் சளியாகிப் படுக்கையில் தள்ளும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவர் சொன்னபடி வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டில் இருந்தும் உடம்பில் சேராத இரும்பு

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. இரும்பு குறைந்தால் வெள்ளணுக்களும் சரியாக வேலை செய்யாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு என்று சாப்பிட்டும் ஏறவில்லை என்பார்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயைச் சொல்ல மறந்துவிடுவார்கள். டீ, காபியில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்ச முடியாது. சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு விழுங்குவதும் இதே தவறுதான். கால்சியம் குறுக்கே நிற்கும். கீரைச் சாதத்தோடு ஒரு துண்டு கொய்யாவோ எலுமிச்சைப் பிழிவோ இருந்தால் உறிஞ்சுவது கூடும்.

பழைய சோற்றைப் பற்றி ஒரு கணக்கு சுற்றிக்கொண்டிருக்கிறது: நூறு கிராம் சோற்றில் 3.4 மி.கி. இருந்த இரும்பு, இரவு ஊறியதும் 73.9 மி.கி. ஆகிவிடுமாம். தண்ணீரில் ஊறியதால் இரும்பு புதிதாகப் பிறக்காது. புளித்தல் செய்வது வேறு, அதுவும் நல்ல காரியம்: இரும்பைக் கட்டிப்போட்டிருக்கும் பைட்டிக் அமிலத்தை உடைக்கும், நல்ல நுண்ணுயிர்களைப் பெருக்கும். அதற்காகத் தாராளமாகச் சாப்பிடலாம். ரத்தசோகைக்கு அதையே மருந்தாக நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் ஆபத்து. சோற்றில் ஊற்றும் தயிரிலும் நல்ல நுண்ணுயிர்கள் இருக்கின்றன. ஆவி பறக்கும் சாதத்தில் விட்டால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் செத்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள்.

வைட்டமின் சி: தேவைக்கும் மாத்திரைக்கும் உள்ள தூரம்

ஆண்களுக்கு ஒரு நாளுக்கு 80 மி.கி., பெண்களுக்கு 65. ஒரு பெரிய நெல்லிக்காயோ அரைக் கொய்யாவோ இதைத் தந்துவிடும். மெடிக்கலில் கிடைக்கும் மாத்திரை 500 மி.கி. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தினமும் மாத்திரை சாப்பிடுவோருக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் விட்டது, அவ்வளவுதான். சளி ஆரம்பித்த பிறகு சாப்பிடத் தொடங்கினால் அந்தப் பலனும் நிச்சயமில்லை. நாளுக்கு 1000 மி.கி. என்று மாதக்கணக்கில் போனால், முக்கியமாக ஆண்களுக்கு, சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது.

சமையலறையில் இன்னொரு இழப்பு நடக்கிறது. கீரையை நறுக்கிய பிறகு தண்ணீரில் அலசினால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். முதலில் அலசுங்கள், பிறகு நறுக்குங்கள். ரசத்தில் எலுமிச்சை பிழிவதென்றால் அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகு.

மஞ்சள், கசாயம், சீந்தில்

மஞ்சள் பாலை நல்ல பழக்கம் என்றே சொல்லலாம், ஆனால் மருந்து என்று எண்ணிவிடாதீர்கள். மஞ்சளின் பலனுக்குக் காரணமாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் அரை டீஸ்பூன் தூளில் ஐம்பது மி.கி.கூட வராது, அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது சொற்பம். மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் உறிஞ்சுதல் பல மடங்கு கூடும் என்று 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாட்டிமார்கள் மிளகைத் தட்டிப் போட்டது சரியான கைப்பக்குவம். ஆனால் இதே காரணத்தால்தான் மஞ்சள் சாறும் பைப்பரினும் அடைத்த காப்சூல்கள் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன. தூளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிலவேம்புக் குடிநீரில் தவறுவது அளவும் காலமும். 5 கிராம் பொடியை 240 மி.லி. தண்ணீரில் போட்டு, சிறு தீயில் 60 மி.லி. ஆகச் சுண்டும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். பலர் செய்வது, பெரிய பாத்திரத்தில் கண்ணளவாகப் பொடியைக் கொட்டி ஒரு கொதி விட்டு இறக்கி, மாலையில் அதையே சூடுபண்ணிக் குடிப்பது. காய்ச்சிய சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். சித்த மருத்துவர் குறிப்பிட்ட நாட்களுக்கு எழுதித் தரும் மருந்து அது. டீக்குப் பதிலாக வருடம் முழுக்கக் குடிக்கும் பானம் இல்லை. கர்ப்பிணிகள் கேட்காமல் குடிக்கவே கூடாது.

சீந்தில் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது. கொரோனா காலத்தில் அதை மாதக்கணக்கில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். பிறகு வேறு நகரங்களிலிருந்தும் நோயாளிகள் தெரியவந்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, அதே இனத்தின் வேறொரு கொடியை மாற்றிப் பயன்படுத்தியிருக்கலாம் என்றது. எந்தக் கொடி என்ற வாதம் எப்படியிருந்தாலும், வேலியில் படர்ந்ததைப் பறித்துச் சாறெடுத்துக் குடிப்பவரால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது மட்டும் உறுதி. சிறுநீர் கடும் மஞ்சளாகவோ, கண் மஞ்சளாகவோ ஆனால் எல்லாச் சூரணங்களையும் அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

சிங்க்கும் வைட்டமின் டியும்

சிங்க் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 17 மி.கி., பெண்களுக்கு 13 மி.கி. போதும். பெரியவர்களுக்கு உச்ச வரம்பு 40. கொரோனா காலத்தில் தொடங்கிய 50 மி.கி. மாத்திரையை இன்றும் நிறுத்தாதவர்கள் இருக்கிறார்கள். சிங்க் அதிகமானால் உடம்பில் தாமிரம் சேர விடாது. தாமிரம் குறைந்தால் வெள்ளணுக்களின் எண்ணிக்கையே குறையும். எதற்காகச் சாப்பிடுகிறோமோ அதையே அது கெடுக்கிறது.

வைட்டமின் டி 60,000 அலகு காப்சூல் ஒன்றில் நூறு நாள் தேவை அடங்கியிருக்கிறது. குறைபாடு உள்ளவர்களுக்குப் பொதுவாக வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதுவார்கள். வாரம் ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று எனச் சாப்பிட்டவர்களும், சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கியவர்களும் வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம் என்று வருவார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறிப்போனதன் அடையாளம் அது. எட்டு வாரம் முடிந்ததும் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

காலை ஆறு மணி இளவெயிலில் வைட்டமின் டி கிடைக்கும் என்பதும் தவறு. அதற்கான புறஊதாக் கதிர் அந்நேரத்தில் தரைக்கு வந்து சேர்வதில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் சரி. ஏறக்குறைய பத்து மணிக்கு மேல், கை கால் வெளியே தெரிய, வாரத்தில் சில நாள் கொஞ்ச நேரம் போதும். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் ஒன்றும் கிடைக்காது.

சர்க்கரையும் தூக்கமும்

லேகியத்தில் பாதியோ அதற்கு மேலோ சர்க்கரை இருக்கலாம். டப்பாவின் பின்புறம் படியுங்கள். தேனும் கருப்பட்டியும் ரத்தத்துக்குள் போனால் சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரை கூடிக் கிடந்தால் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கும் வேகம் குறையும். 2021இல் கருப்புப் பூஞ்சை தாக்கியவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் ஸ்டீராய்டு எடுத்தவர்களும்தான். நீரிழிவு உள்ளவருக்கு எந்தச் சூரணத்தையும்விட மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை முக்கியம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதிலிருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமி அந்தக் குடலில் முளைத்துவிடும்.

தூக்கத்துக்கு 2015இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைச் சொல்லலாம். ஆரோக்கியமான 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுமருந்து போல விட்டார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. இதற்கு ஈடான மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்க வேண்டும் என்று தூக்கத்தை வெட்டாதீர்கள். நடையை மாலைக்கு மாற்றுங்கள். காய்ச்சல் இருக்கும் நாளில் ‘வியர்த்தால் சரியாகிவிடும்’ என்று உடற்பயிற்சி செய்வது இதயத் தசைக்கு ஆபத்து.

மருந்தும் ஊசியும்

சாதாரணச் சளி வைரஸால் வருவது. பழைய சீட்டைக் காட்டி வாங்கும் ஆன்டிபயாட்டிக் அதைத் தொடாது, குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைத்தான் கொல்லும். குறிப்பிட்ட நோயை எதிர்க்க உடம்புக்குப் பயிற்சி தருவது தடுப்பூசி. அறுபத்தைந்து கடந்தவர்கள், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் ஃப்ளூ தடுப்பூசியை வருடாவருடம் போட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது. பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும், ஆகவே மழை தொடங்குமுன் போடுங்கள்.

மழைக்காலக் காய்ச்சலில் நடக்கும் மோசமான தவறு, கசாயமும் பப்பாளி இலைச்சாறும் கொடுத்தபடி வீட்டிலேயே நாள் கடத்துவது. டெங்குவுக்கான என்எஸ்1 பரிசோதனை முதல் ஐந்து நாளுக்குள் செய்தால்தான் நம்பத்தக்கது. உடம்பு வலிக்கு ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும். பெரும்பாலும் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும். அப்போதுதான் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகிக் கண் அயர்வார்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவது காய்ச்சல் விட்டதும் வரும் அந்த ஓரிரு நாட்களில். காய்ச்சல் விட்ட பிறகும் வயிறு வலிக்கிறதா, வாந்தி நிற்கவில்லையா, ஈறில் ரத்தம் தெரிகிறதா, பிள்ளை சோர்ந்து சுருண்டு கிடக்கிறதா, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லையா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.