தொழில்நுட்பக் கையேடு எழுத மார்க்டவுனா, ஆஸ்கிடாக்கா, ஸ்பிங்ஸா?

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். சோதனை இயந்திரத்துக்குக் கையேடு எழுதச் சொல்கிறார்கள். வேர்டு கூடாதாம், கிட்டில் (கோப்பில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி) போட்டு வைக்கிற மாதிரி வெறும் எழுத்துக் கோப்பாக வேண்டுமாம். சரி, எதில் எழுதுவது? மார்க்டவுன், ஆஸ்கிடாக், ஸ்பிங்ஸ் மூன்றும் அதற்கான வழிகள்: வெறும் எழுத்தில் சில குறிகள் போட்டு எழுதினால், தலைப்பும் பட்டியலுமாக அமைந்த பக்கம் கிடைக்கும்.

படி 1: கஷ்டமான பக்கத்தை எடுங்கள்

முன்னுரையை எந்தக் கருவியிலும் எழுதிவிடலாம். கட்டங்கள் இணைந்த அட்டவணை, ஓர் எச்சரிக்கைப் பெட்டி, மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் வருகிற ஒரு பத்தி. இவையெல்லாம் சேர்ந்த பக்கம் ஒன்று உங்கள் கையேட்டில் கட்டாயம் இருக்கும். அதை வைத்துத்தான் கருவியைச் சோதிக்க வேண்டும்.

படி 2: மார்க்டவுனில் எழுதிப் பாருங்கள்

வலைப்பதிவர் ஜான் குரூபர் 2004இல் வெளியிட்டது. தலைப்புக்கு #, பட்டியலுக்கு *. குறிக்குப் பின் ஓர் இடைவெளி விடுங்கள். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம்.

மூல மார்க்டவுனில் அட்டவணையே கிடையாது. கிட் கோப்புகளை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் போன்ற தளங்கள் பிறகு சேர்த்துக்கொண்ட அட்டவணையிலும் கட்டங்களை இணைக்க முடியாது. எச்சரிக்கைப் பெட்டிக்கு ஆளுக்கொரு முறை. இதெல்லாம் தேவையில்லை என்றால் இங்கேயே நின்றுவிட்டு நான்காம் படிக்குப் போங்கள்.

படி 3: போதவில்லையா?

ஆஸ்கிடாக் கையேட்டுக்கென்றே வந்தது போல இருக்கும். அட்டவணைக் கோட்டுக்கு முன் 2+ என்று போட்டால் இரண்டு கட்டங்கள் ஒன்றாகும். எச்சரிக்கைப் பெட்டி உள்ளேயே இருக்கிறது. பாதுகாப்பு விதிகளைத் தனிக் கோப்பில் ஒரு முறை எழுதி, எல்லாக் கையேடுகளிலும் இழுத்துக்கொள்ளலாம். விதி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். எனக்கு இது ஒன்றுக்காகவே ஆஸ்கிடாக் பிடிக்கும்.

நீங்கள் விளக்குவது பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய மென்பொருள் என்றால் ஸ்பிங்ஸ். பைத்தானின் சொந்த ஆவணங்களுக்காக எழுதப்பட்டது அது. நிரலில் இருக்கும் விளக்கங்களை அதுவே எடுத்துக்கொள்ளும். ஆனால் வரித் தொடக்க இடைவெளியில் ரொம்பக் கறார்.

படி 4: தமிழை அச்சிட்டுப் பாருங்கள்

ஆங்கில வழிகாட்டிகள் சொல்லாத இடம் இது. "செய்யவும்" என்று எழுதி, பி.டி.எஃப். எடுங்கள். ஆஸ்கிடாக் கோப்பை மாற்றித் தரும் மென்பொருளான ஆஸ்கிடாக்டரின் நேரடி பி.டி.எஃப். கருவிக்கு இந்திய எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாது. ஒற்றைக்கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவை மாற்றியும் பயனில்லை. முதலில் வலைப்பக்கமாக எடுத்து, உலாவியில் திறந்து, அங்கிருந்து பி.டி.எஃப்.ஆகச் சேமியுங்கள். உலாவி தமிழை ஒழுங்காக அமைக்கும்.

மார்க்டவுனை, ஒரு வகைக் கோப்பை இன்னொரு வகையாக்கும் பேண்டாக் வழியாக பி.டி.எஃப்.ஆக மாற்றுகிறவர்களுக்கு வேறு சிக்கல். பி.டி.எஃப். உருவாக்க அது வழக்கமாக அழைக்கும் பிடிஎஃப்லேடெக் என்ற நிரல், தமிழ் எழுத்தைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். அமைப்பில் அதற்குப் பதிலாக ஸீலேடெக் என்ற நிரலைத் தேர்ந்தெடுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் குறிப்பிடுங்கள்.

படி 5: இன்னொருவர் கையில் கொடுங்கள்

இரவு ஷிப்டில் இருக்கும் டெக்னீஷியன் அண்ணனிடம் கோப்பைக் கொடுத்து, அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். அவர் உங்களைக் கூப்பிடாமல் மாற்றிவிட்டால் அந்தக் கருவியையே வைத்துக்கொள்ளலாம். திணறினால் மார்க்டவுனுக்கே திரும்பி, அட்டவணையை இரண்டாக உடைத்து எழுதுங்கள். பின்னால் மனம் மாறினாலும் மார்க்டவுன் கோப்பை ஆஸ்கிடாக்காக பேண்டாக் மாற்றித் தரும். எச்சரிக்கைப் பெட்டிகளை மட்டும் ஒரு முறை கையால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.