காம்போ கனவும் காலியான கையும்: மார்வெல் சாம்பியன்ஸ் கட்டு சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்வாசல் மேசையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் மார்வெல் சாம்பியன்ஸ் கார்டு ஆட்டம்தான். மாமா மகன் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவான், தங்கச்சி பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து வருவாள். மேலே ஃபேன் ஓடினால் கார்டு பறக்கும், நிறுத்தினால் வியர்வையில் உறை கையோடு ஒட்டும், அதனால் ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கேரம் காய். வில்லனுடைய சதி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டப் புளியங்கொட்டை வைப்போம், ஏனென்றால் பெட்டியோடு வந்த டோக்கனில் பாதியைத் தங்கச்சி மகன் எங்கேயோ கொண்டுபோய்விட்டான்.

அப்படி ஒரு ஞாயிறு மூன்று பேரும் சொல்லி வைத்தது போல அக்ரெஷன் கட்டோடு வந்து உட்கார்ந்தோம். மூன்றுமே அடிக்கிற கட்டு. ஐந்தாவது ரவுண்டில் வில்லன் ரைனோவுக்கு இன்னும் இருபது சொச்சம் உயிர் பாக்கி இருக்கும்போதே இருபத்தோராவது புளியங்கொட்டை விழுந்தது, சதி நிறைந்து ஆட்டம் முடிந்தது. “எவ்வளவு அடிச்சோம்லா, எப்படித் தோத்தோம்?” என்று மாமா மகன் கேட்டான். அன்று ராத்திரி மூன்று கட்டையும் விரித்துப் போட்டு எண்ணினோம். அப்போது கண்ணில் பட்டவைதான் கீழே இருப்பவை.

புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு வரி. ஃபேண்டஸி ஃப்ளைட் கேம்ஸ் 2019-இல் வெளியிட்ட ஆட்டம் இது, ஒருவர் முதல் நால்வர் வரை ஒரே பக்கம் நின்று வில்லனை எதிர்க்கலாம். கட்டில் 40 முதல் 50 கார்டு வரை இருக்கலாம். அதில் 15 உங்கள் ஹீரோவின் சொந்தக் கார்டுகள், அவற்றை மாற்ற முடியாது. மீதியை வழக்கமாக அக்ரெஷன், ஜஸ்டிஸ், லீடர்ஷிப், புரொடெக்‌ஷன் ஆகிய நான்கு பிரிவுகளில் ஒன்றிலிருந்தும் பொதுக் கார்டுகளிலிருந்தும் எடுக்க வேண்டும். ஒரு கார்டை இறக்க விலை கொடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கையில் இருக்கும் வேறு கார்டைத்தான் கழிக்க வேண்டும்.

எல்லாத் தவறும் இந்தக் கடைசி வரியை மறப்பதில்தான் தொடங்குகிறது. மூலையில் 3 என்று போட்டிருந்தால் விலை மூன்று என்று நினைக்கிறோம். உண்மையில் நான்கு, ஏனென்றால் அந்தக் கார்டும் கையை விட்டுப் போகிறது, அதை இறக்காமல் இருந்திருந்தால் அதுவே வேறொன்றுக்குக் காசாகியிருக்கும். இப்படி ஒன்று கூட்டிப் பார்த்தால் கார்டுகளின் முகமே மாறிவிடும். ஸ்பைடர்மேனின் ஸ்விங்கிங் வெப் கிக் விலை 3, அடி 8, அதாவது நான்கு கார்டுக்கு எட்டு அடி, கார்டுக்கு இரண்டு. அக்ரெஷனின் அப்பர்கட்டும் விலை 3தான், ஆனால் அடி 5. பொதுக் கார்டான ஹேமேக்கர் விலை 2, அடி 3, அதாவது மூன்று கார்டுக்கு மூன்று. ஹேமேக்கரை மூன்று பிரதி போட்டுவிட்டு “அடி குறையுதே” என்று புலம்பினால் என்ன செய்வது? ஹீரோவின் சொந்தக் கார்டுகள் பெரும்பாலும் கொடுத்த காசுக்கு மேல் வேலை செய்யும். மற்ற 25 கார்டையும் அந்தப் பதினைந்துக்குத் துணையாகத் தேர்ந்தெடுக்கலாம், போட்டியாக வேண்டாம்.

அடுத்தது எல்லோருக்கும் பிடித்த காம்போ, அதாவது ஒன்றோடொன்று சேர்ந்தால் கூடுதல் பலன் தரும் கார்டுகள், எனக்கும் பிடித்ததுதான். லீடர்ஷிப்பில் மேக் தி கால் என்று ஒரு கார்டு, அதன் விலை 0. யாருடைய கழித்த குவியலிலிருந்தும் ஒரு கூட்டாளியை (ஹீரோவுக்குத் துணையாக மேசையில் நின்று அடிக்கவும் சதியைக் குறைக்கவும் செய்யும் கார்டு), அவர் மேல் அச்சடித்திருக்கும் விலையைக் கொடுத்து, நம் பக்கம் இறக்கலாம். நிக் ஃப்யூரி இறங்கியதும் மூன்றில் ஒன்றைச் செய்வார்: சதியில் 2 குறைப்பார், அல்லது மூன்று கார்டு எடுத்துத் தருவார், அல்லது ஒரு எதிரிக்கு 4 அடி கொடுப்பார். ரவுண்டு முடிந்தால் குவியலுக்குப் போய்விடுவார். ஆக ஃப்யூரியை இறக்கு, அவர் போனதும் மேக் தி காலில் திரும்பக் கூப்பிடு, இரண்டு தடவை ஆதாயம். இதைக் கேட்டதும் எவனுக்கும் வாயூறும்.

இப்போது கணக்கு. ஃப்யூரியின் விலை 4. அவரோடு சேர்த்து ஐந்து கார்டு, ஹீரோ பக்கத்தில் (ஹீரோவின் அட்டைக்கு ஹீரோ, சாதாரண ஆள் என்று இரண்டு பக்கம்) ஸ்பைடர்மேனுக்குக் கை அளவே ஐந்துதான், அதாவது அந்த ரவுண்டில் அவரைத் தவிர வேறு எதுவும் இல்லை. மேக் தி கால் இலவசம் என்று நினைத்தால் அங்கேயும் அந்தக் கார்டும் நான்கு விலையும் சேர்ந்து மறுபடி ஐந்து. இரண்டு ரவுண்டு, இரண்டு முழுக் கை. அவ்வளவு கொடுத்து எதை வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி. 4 அடியைத் தேர்ந்தெடுத்தால், அவர் அடிக்கிற 2 சேர்த்து ஆறு அடி, அப்புறம் வில்லன் அடிக்க வரும்போது முன்னால் நின்று அந்த அடியை வாங்கிக்கொள்வார். ஐந்து கார்டுக்கு இது மோசமில்லை, ஆனால் அற்புதமும் இல்லை. மூன்று கார்டு எடுப்பதைத் தேர்ந்தெடுத்தால் கதை வேறு: ஐந்து கொடுத்து மூன்று திரும்ப வருகிறது, அதாவது இரண்டு கார்டு செலவில் ஒரு 2 அடியும் ஒரு கேடயமும், வந்த மூன்றையும் அதே ரவுண்டில் செலவழிக்கலாம். ஃப்யூரியைக் கையில் பார்த்ததும் நாலு அடியை நோக்கி ஓடுகிறவர்கள் பாதிப் பேர், நானும் ஒரு வருஷம் அப்படித்தான் ஓடினேன்.

இந்தக் காம்போவில் நிறையப் பேர் கவனிக்காத ஒரு வாசல் இருக்கிறது. ஃப்யூரியை முதலில் இறக்கியே ஆகவேண்டும் என்று இல்லை. வேறொரு கார்டுக்குக் காசாக அவரைக் கழித்தாலும் அவர் குவியலுக்குத்தான் போகிறார், அங்கிருந்து மேக் தி கால் கூப்பிடலாம். அதைவிட முக்கியம், “யாருடைய குவியலிலிருந்தும்” என்கிற சொல். தங்கச்சி தன் கையில் இருந்த மாக்கிங்பேர்டைக் காசாகப் போட்டாள் என்றால், அதை நான் 3 கொடுத்து என் பக்கம் இறக்கி, வில்லனை ஸ்டன் செய்து ஓர் அடியைத் தடுக்கலாம். அப்போது காம்போவின் ஒரு பாதி என் கட்டிலேயே இருக்கத் தேவையில்லை. கூட்டு ஆட்டத்தில் காம்போவைத் தன் கட்டுக்குள் மட்டுமே தேடுகிறவன் பாதி மேசையைப் பார்க்காமல் விளையாடுகிறான்.

தேடுவது என்றதும், வருமா வராதா என்கிற கணக்கும் வேண்டும். 40 கார்டுக் கட்டில் தலா ஒரு பிரதி மட்டுமே உள்ள இரண்டு கார்டும் முதல் இருபதுக்குள் வருவது நாலு ஆட்டத்தில் ஒன்றுகூடத் தேறாது. மூன்று தனிக் கார்டு சேர்ந்தால்தான் காம்போ என்றால் ஏறக்குறைய ஒன்பது ஆட்டத்தில் ஒன்று. மூன்று மேக் தி கால் போட்டிருந்தாலும், ஒரே ஒரு ஃப்யூரியோடு அது முதல் இருபதுக்குள் சேர்வது பாதிக்கும் குறைவு. காம்போ வராத நாளில் அதன் ஒவ்வொரு பாதியும் தனியாக நின்று என்ன வேலை செய்யும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் “ஒண்ணுமில்லை” என்றால் அந்தக் கார்டுக்குக் கட்டில் இடம் இல்லை.

இதிலேயே பிறக்கும் இன்னொரு தவறு எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆனது: பாதிக் காம்போவைக் கையில் பிடித்துக்கொண்டு மற்றப் பாதிக்காகக் காத்திருப்பது. ஒவ்வொரு ரவுண்டிலும் எல்லோரும் ஆடி முடித்ததும் நாம் கையை அதன் அளவுக்கு நிரப்பிக்கொள்கிறோம். கை அளவு ஐந்து, ஒரு கார்டை வைத்திருக்கிறேன் என்றால் புதிதாக நான்குதான் வரும். மூன்று ரவுண்டு பிடித்து வைத்தால் மூன்று கார்டு வாடகை கொடுத்தாயிற்று. மாமா மகன் ஒரு ஆட்டம் முழுக்க ஒரே கார்டைக் கையின் ஓரத்தில் செருகி வைத்திருந்தான், உறை கசங்கிப்போகும் அளவுக்கு. “அதை காசா போட்டுடுடா” என்றால், “இருங்க அண்ணே, வரும்” என்பான். வரவில்லை.

ஐம்பது கார்டு போடலாம் என்றால் ஐம்பதும் போட வேண்டும் என்று அர்த்தமில்லை. 40 கார்டில் பதினைந்து ஹீரோ கார்டு என்றால் ஐந்து கார்டுக் கையில் சராசரி இரண்டுக்குச் சற்றுக் குறைவு, ஐம்பதில் ஒன்றரை. கட்டு தீர்ந்தால் குவியலைக் கலைத்துப் போட்டு வில்லன் பக்கக் கார்டு ஒன்றைக் கூடுதலாக வாங்க வேண்டும் என்ற பயத்தில் சிலர் பருமனாகக் கட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் நியாயமாகப் படவில்லை.

மேசையில் வைத்துவிட்டால் ரவுண்டுக்கு ரவுண்டு பலன் தரும் கார்டுகள் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரிய வேண்டியவை. ரப்பர் கன்று நட்டால் பால் வெட்ட ஐந்தாறு வருஷம், செம்பனை என்றால் மூன்று வருஷத்தில் குலை. அவெஞ்சர்ஸ் மேன்ஷன் விலை 4, ரவுண்டுக்கு ஒருவருக்கு ஒரு கார்டு எடுத்துத் தரும். ஐந்து கார்டு கொடுத்து நட்ட மரம், ஐந்து தடவை பயன்பட்டால்தான் போட்டது திரும்பும், ஆறாவதிலிருந்துதான் லாபம். ஹெலிகேரியர் விலை 3, ரவுண்டுக்கு ஒரு கார்டின் விலையில் ஒன்று குறைக்கும், நான்கு தடவையில் முதல் எடுத்துவிடும். உங்கள் மேசையில் ஆட்டம் வழக்கமாக ஆறேழு ரவுண்டில் முடிகிறது என்றால் மேன்ஷனை முதல் இரண்டு ரவுண்டுக்குள் இறக்குங்கள், அதற்குப் பிறகு வந்தால் காசாகப் போடுங்கள். நான்காவது ரவுண்டில் வில்லன் கழுத்தில் கத்தி வைத்திருக்கும்போது கன்று நடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நல்ல மனுஷர்கள், ஆனால் தோற்றுவிடுவார்கள்.

கூட்டாளிகள் மேல் நகை பூட்டுவதும் இதே வகை. இன்ஸ்பையர்ட் போட்டால் கூட்டாளியின் அடியும் சதி குறைப்பும் ஒவ்வொன்று கூடும், நல்லதுதான். ஆனால் பெரும்பாலான கூட்டாளிகள் ஒவ்வொரு தடவை வேலை செய்யும்போதும் ஓர் உயிர் இழப்பார்கள். மூன்று உயிர் என்றால் இரண்டு தடவை வேலை, மூன்றாவது உயிரில் வில்லனின் அடியைத் தாங்கிவிட்டுப் போவார், அதுதான் அவரை வாங்கியதன் முழுப் பயன். அவருக்கு இன்ஸ்பையர்ட் போட்டுவிட்டு, அது வீணாகுமே என்று அவரைப் பாதுகாத்து, நம் ஹீரோ அடி வாங்குவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கார்டின் கீழ் மூலையில் இருக்கும் சின்னத்தையும் பாருங்கள்: அந்தக் கார்டைக் காசாகப் போட்டால் அது எந்த வகைக் காசு என்று காட்டுவது அதுதான், அவற்றில் ஒன்று முஷ்டி. ரிலெண்ட்லெஸ் அசால்ட் என்ற கார்டு வில்லனின் அடியாளுக்கு 5 அடி கொடுக்கும், முஷ்டியில் விலை கொடுத்திருந்தால்தான் மிச்ச அடி வில்லன் மேல் பாயும். கட்டில் முஷ்டி எத்தனை என்று எண்ணாமல் அதைப் போட்டவர்கள் இருக்கிறார்கள்.

அயர்ன்மேன் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஹீரோ பக்கத்தில் அவருடைய கை அளவு 1, மேசையில் இருக்கும் ஒவ்வொரு டெக் உபகரணத்துக்கும் ஒன்று கூடும், ஏழு வரை. டோனி ஸ்டார்க்காக இருந்தால் ஆறு. ஆக முதல் சில ரவுண்டு அவர் கவசம் தைத்துக்கொண்டிருக்கிற ஆள். அவர் கட்டில் விலை மூன்று கார்டுகளாக அடுக்கிவிட்டு இரண்டாவது ரவுண்டிலேயே ஹீரோவாகத் திருப்பினால் கையில் இரண்டு மூன்று கார்டை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். அவர் தைத்து முடிக்கும்வரை சதியை யார் பிடிப்பது என்று கட்டு சேர்க்கும்போதே மற்றவர்களிடம் கேட்க வேண்டும்.

அங்கேதான் எங்கள் இருபத்தொரு புளியங்கொட்டை. ரைனோவின் சதிக்கு ஆளுக்கு 7 வரம்பு, மூன்று பேருக்கு 21. ஒவ்வொரு ரவுண்டும் தானாகவே ஆளுக்கு ஒன்று ஏறும், ஐந்து ரவுண்டில் பதினைந்து. யாராவது உயிர் தேற்றிக்கொள்ள சாதாரண ஆள் பக்கம் திருப்பினால் ரைனோ அவரை அடிக்காமல் சதி செய்வான், அது தனிக்கணக்கு. அவனை வீழ்த்தவோ முதல் கட்டத்தில் 42, இரண்டாவதில் 45, மொத்தம் 87 அடி. தனியாக உட்கார்ந்து சோதித்துப் பார்த்தபோது மூன்று கட்டுமே ஜெயித்தவைதான். தனியே ஆடும்போது ரவுண்டுக்கு ஒரு கொட்டைதான் ஏறும், ஹீரோவே சும்மா இருக்கும் நேரத்தில் அதைக் குறைத்துவிடலாம். மூன்று பேர் மேசையில் மூன்று பேரும் அடிக்கப் போனால், சும்மா இருக்கும் ஆள் யார்? மூவரின் கட்டிலும் ஃப்யூரி வேறு. அவர் தனித்தன்மைக் குறி உள்ள கார்டு, மேசையில் ஒரே நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும், மற்ற இரண்டு ஃப்யூரிகளும் அந்த ரவுண்டில் வெறும் சில்லறை.

அடுத்த ஞாயிறு தங்கச்சி ஜஸ்டிஸுக்கு மாறி வந்தாள், நான் லீடர்ஷிப், ஃப்யூரியை நான் மட்டும் வைத்துக்கொண்டேன். மாமா மகன் அக்ரெஷனை விடவில்லை, மூன்று ஹேமேக்கரை மட்டும் எடுத்துவிட்டு மேன்ஷனைச் சேர்த்திருந்தான். ஐந்தாவது ரவுண்டில் அது அவன் கைக்கு வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான், தே தாரிக்கை ஒரு வாய் குடித்தான், அப்புறம் அதை அப்பர்கட்டுக்குக் காசாகப் போட்டான். அப்போது மேசையில் பன்னிரண்டு கொட்டை இருந்தது.