மானிய விண்ணப்பங்களுக்கு மதிப்பெண்: கூகுள் ஃபார்மிலும் ஷீட்டிலும் அமைப்பது எப்படி?

முப்பது விண்ணப்பங்கள், ஆறு மதிப்பீட்டாளர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் மூன்று பேர் படிக்க வேண்டும். மொத்தம் 90 மதிப்பீடுகள், தலைக்கு 15. இந்த அளவுக்குத் தனி மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. கூகுள் ஃபார்மும் ஷீட்டும் போதும். ஆனால் முதல் விண்ணப்பத்தைத் திறக்கும் முன்பே எல்லாவற்றையும் அமைத்துவிட வேண்டும். பாதியில் விதியை மாற்றினால் ஏற்கெனவே மதிப்பெண் வாங்கியவர்களுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

படி 1: எதற்கு எவ்வளவு எடை

நான்கு தலைப்புகள் எடுத்துக்கொள்வோம்: தேவை 30, செயல்திட்டம் 30, அமைப்பின் திறன் 20, பட்ஜெட் 20. கூட்டினால் 100 வர வேண்டும். எட்டு, பத்து தலைப்புகள் வைக்காதீர்கள். படிப்பவர் சலித்துப்போய் எல்லாவற்றுக்கும் 3 போட ஆரம்பித்துவிடுவார்.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 5 தான் சிறந்தது என்பதை ஃபார்மின் தலையிலேயே எழுதுங்கள். இதை எல்லோருக்கும் தெரிந்ததாக நினைக்கக் கூடாது. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் 1 முதல் 9 வரை மதிப்பெண் தருகிறது. அங்கே 1 தான் சிறந்தது. அந்தப் பழக்கத்தில் ஒருவர் வந்தால் அவருடைய 15 மதிப்பீடுகளும் தலைகீழாகிவிடும்.

படி 2: ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். "3 என்றால் சுமார்" என்று எழுதினால் ஆளுக்கு ஒரு சுமார். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக எழுதுங்கள். பட்ஜெட்டுக்கு இப்படி:

1: மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது, பிரிவு இல்லை.
2: பிரிவுகள் உள்ளன, கூட்டல் தவறு.
3: கூட்டல் சரி, ஆனால் தொகைகளுக்குக் கணக்கு காட்டவில்லை.
4: பெரும்பாலான தொகைகளுக்கு எண்ணிக்கையும் விலையும் உண்டு.
5: எல்லாத் தொகைகளுக்கும் உண்டு, செயல்திட்டத்தோடும் பொருந்துகிறது.

மற்ற மூன்றுக்கும் இதேபோல. பிறகு ஒரே விண்ணப்பத்தை ஆறு பேருக்கும் கொடுத்து ஒத்திகை பாருங்கள். ஒருவர் 2, இன்னொருவர் 5 போட்டால் திருத்த வேண்டியது அந்த விளக்கத்தை.

படி 3: ஃபார்ம்

மின்னஞ்சல் சேகரிப்பை இயக்குங்கள். விண்ணப்ப எண்ணை டிராப்டவுனாக வையுங்கள். தட்டச்சு செய்ய விட்டால் ஒருவர் "வி07" என்பார், மற்றவர் "வி-7" என்பார். ஷீட்டுக்கு அவை இரண்டு விண்ணப்பங்கள்.

அடுத்த கேள்வி: இந்த விண்ணப்பதாரரோடு உங்களுக்கு உறவோ பணத் தொடர்போ உண்டா? 'ஆம்' என்றால் நேரே சமர்ப்பிக்கும்படி பிரிவு மாற்றத்தை அமையுங்கள். 'இல்லை' என்றால் மதிப்பெண் பிரிவு. அங்கே 1 முதல் 5 வரை ஓர் எண்ணைத் தேர்ந்தெடுக்கும் நான்கு நேரியல் அளவுகோல் (Linear scale) கேள்விகள், நான்கும் கட்டாயம். அதில் இரண்டு முனைகளுக்கு மட்டுமே பெயர் வைக்க முடியும். ஐந்து விளக்கங்களையும் கேள்விக்குக் கீழே உள்ள விவரப் பகுதியில் எழுதுங்கள். "4 - நன்று" என்று டிராப்டவுன் வைத்தால் அது எழுத்தாகப் பதிவாகும், சராசரி வராது.

'ஒரு பதில் மட்டும்' என்ற அமைப்பை இயக்காதீர்கள், ஒருவரே 15 முறை அனுப்ப வேண்டும். முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டும் அமைப்பும் வேண்டாம். அடுத்தவர் போட்ட எண்ணைப் பார்த்துவிட்டால் கை தானாக அதன் பக்கம் சாயும்.

படி 4: கணக்கு

பதில்கள் விழும் டேபில் ஃபார்முலா எழுதக் கூடாது. புதுப் பதில் வரும்போது புது வரிசை நுழையும், ஃபார்முலா அதற்கு இறங்காது. 'கணக்கு' என்று தனி டேப் திறந்து, அர்ரேஃபார்முலா (ARRAYFORMULA) மூலம் பதில் நெடுவரிசைகளை முழுதாக இழுத்துக்கொள்ளுங்கள். 'எடை' என்ற இன்னொரு டேபில் 30, 30, 20, 20 என்று கிடைமட்டமாக வையுங்கள். செங்குத்தாக வைத்தால், இரண்டு வரிசைகளை ஒன்றோடொன்று பெருக்கிக் கூட்டும் சம்புராடக்ட் (SUMPRODUCT) பிழை காட்டும், ஏனென்றால் மதிப்பெண்கள் கிடைமட்டமாக இருக்கின்றன. எடை செல்களின் முகவரியை டாலர் குறியால் பூட்டுங்கள். மறந்தால் கீழே இழுக்க இழுக்க எடையும் கீழே நகர்ந்து வெற்றுச் செல்லைப் பெருக்கும்.

சம்புராடக்டால் மதிப்பெண்களை எடையோடு பெருக்கிக் கூட்டி 100 ஆல் வகுக்க வேண்டும். 4, 3, 5, 2 வாங்கிய விண்ணப்பத்துக்கு 3.5 வந்தால் ஃபார்முலா சரி.

இதில் ஒரு குழி உண்டு. தொடர்பு இருப்பதாகச் சொல்லி விலகியவரின் செல்கள் காலியாக இருக்கும். சம்புராடக்ட் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். மற்ற இருவர் 3.5, 4.1 கொடுத்திருந்தால் சராசரி 3.8. அந்தப் பூஜ்யம் சேர்ந்தால் 2.53. நேர்மையாக ஒருவர் விலகியதற்கு விண்ணப்பதாரர் தண்டனை அனுபவிப்பார். அதனால் முதலில் கவுண்ட் (COUNT) மூலம் நான்கு எண்களும் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லாவிட்டால் செல்லைக் காலியாக விடும்படி இஃப் (IF) நிபந்தனை போடுங்கள். விலகியவரின் இடத்தில் வேறொருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

படி 5: தொகுப்பு

விண்ணப்பத்துக்கு ஒரு வரிசை: ஆவரேஜ்இஃபால் (AVERAGEIF) சராசரி, கவுண்ட்இஃப்ஸால் (COUNTIFS) மதிப்பீடுகளின் எண்ணிக்கை, மேக்ஸ்இஃப்ஸ் (MAXIFS) தரும் உச்ச மதிப்பெண்ணிலிருந்து மின்இஃப்ஸ் (MINIFS) தரும் குறைந்த மதிப்பெண்ணைக் கழித்த வித்தியாசம். எண்ணிக்கை 3 ஆக இல்லாவிட்டால் சிவப்பு நிறம் வரட்டும். ஒருவர் இருமுறை அனுப்பியிருந்தாலும் இதில் தெரிந்துவிடும். வித்தியாசம் 2 அல்லது அதற்கு மேல் போனால் அந்த விண்ணப்பம் கூட்டத்தில் பேசப்பட வேண்டும்.

மதிப்பீட்டாளர் வாரியாகவும் சராசரி பாருங்கள். ஒருவர் சராசரி 4.2, இன்னொருவர் 2.6 என்றால், கண்டிப்பானவர் கையில் சிக்கிய விண்ணப்பம் பாவம். ஒவ்வொரு மதிப்பெண்ணிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழித்து, அவரவர் திட்டவிலக்கத்தால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவால்) வகுத்தால் இது சமமாகும். ஆனால் விண்ணப்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்திருந்தால் மட்டுமே இது செல்லும். நலிந்த விண்ணப்பங்கள் ஒருவருக்கே போயிருந்தால் அவர் கண்டிப்பானவர் அல்ல, சரியாகத்தான் போட்டிருக்கிறார். தலைக்கு நான்கைந்து விண்ணப்பங்கள்தான் என்றாலும் இந்தத் திருத்தம் வேண்டாம்.

எட்டு பேருக்குத்தான் பணம், எட்டாவது 3.53, ஒன்பதாவது 3.47 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவதற்கு ஒரே ஒரு மதிப்பீட்டாளர் 'தேவை'யில் ஒரு புள்ளி கூட்டியிருந்தால் அவருடைய மொத்தம் 0.3 ஏறும், மூவர் சராசரி 0.1 ஏறும், வரிசையே மாறிவிடும். எனவே இந்தத் தேர்வுக் கோட்டுக்கு இருபுறமும் 0.1க்குள் இருப்பவற்றைச் சமமாகக் கருதி, விண்ணப்பங்களைத் திரும்பத் திறந்து படித்துப் பேசுங்கள். பேசியபின் மாறும் மதிப்பெண்ணைப் புது நெடுவரிசையில், காரணத்தோடு எழுதுங்கள். பழைய எண்ணை அழிக்காதீர்கள். கிடைக்காதவர் ஏன் என்று கேட்டு வரும்போது காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.